மூன்றாம் சட்டம், இடது மூலை

ஆகஸ்ட். மிர்ஃபாவில் கடல் முப்பத்தைந்தரை டிகிரி.
முங்கினால் குளிராது,
யாரோ காய்ச்சிவைத்து மறந்த கஞ்சிக்குள்
இறங்குவதுபோல் இருக்கும்.
மேலே படகில் தாதுல்லா.
கயிற்றை ஒருமுறை சுண்டினால் நலமா,
இருமுறை என்றால் ஏறு.

வேலை இதுதான்:
குடிநீர் ஆலை கடலை உறிஞ்சும் வாயில்
கம்பிவலை அடைத்த கொட்டலசைச் சுரண்டுவது.
ஒரு ஊரே குடிக்க வேண்டும்.
கொட்டலசுக்கு அதைப் பற்றி என்ன.

மூன்றாம் சட்டத்தில்
செத்த கொட்டலசின் காலி ஓட்டுக்குள்ளிருந்து
ஒரு முகம்.
முகம் மட்டும்.
தடித்த உதடு, உச்சியில் முளைத்த கண்கள்.
ஒன்று என்னைப் பார்த்தது,
மற்றது என் கை உளியை.

உளியை இறக்கினேன்.
கொஞ்சம் பொறுத்து வெளியே வந்தது,
சுண்டுவிரல் அளவு,
முன்பாதி புகை, பின்பாதி மஞ்சள்.
சீப்புப் பல்லால் பாசியில் இரண்டு கொறி, மூன்று கொறி,
பிறகு வால்முதலாக
ஓட்டுக்குள் பின்வாங்கியது.
பஸ்ஸைப் பின்னால் எடுக்கிறவனுக்குக்கூட
ஒரு விசில் வேண்டும்.

அதுவும் சுரண்டுகிறது, நானும் சுரண்டுகிறேன்.
அது வயிற்றுக்கு.
நான் மட்டும் என்னவாம்.

படகில் சொன்னதும் கிளைட்டன் சிரித்தான்:
"அது நீதாம்ல. கேம்ப்ல மேல்கட்டில்ல
தலைய மட்டும் நீட்டிக்கிட்டு."
இல்லை என்றேன்.
நான் வந்தவன். அது இருக்கிறது.
இந்தச் சூடும் உப்பும் ஷமால் கிளப்பும் கலங்கலும்
அதற்குப் பிறந்தவீட்டு வானிலை.
அரைக் கிலோமீட்டர் தள்ளி அதன் ஊர்,
ஒரு கோடையில் வெளுத்த பவளம்,
இப்போது பாசி போர்த்திய கல்.
அங்கிருந்து இங்கே
யார் சொல்லி வந்ததோ,
இரும்பில் ஓர் ஓடு காலி என்று.

அன்றைய தாளில் எழுதினேன்:
மூன்றாம் சட்டம், இடது மூலை, ஒரு சாண் பாக்கி.
ஏன் என்றார் ரொமெல்.
துரு, அழுத்தினால் கம்பி விடும் என்றேன்.
கம்பி புதுசு. போன மார்ச்சில் மாட்டியது.
மாட்டியவர் அவர்தான்.
என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

இரவு மெஸ்ஸில் டம்ளரைப் பிடித்தேன்.
உப்பே இல்லாத தண்ணீர்.

அடுத்த சுற்று அக்டோபரில்.
கடல் முப்பதுக்கு இறங்கியிருக்கும்.
அந்த முறை இடது பக்கம் கிளைட்டனுக்கு.
எந்த ஓடு என்று
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.