மைனஸ் முப்பது

அம்பத்தூர் எஸ்டேட்டில்
ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது பனிக்காலம்.
நான்காம் எண் கதவு.
கைப்பிடி எப்போதும் வியர்த்திருக்கும்.

மே மாதத்தில் வெளியே முப்பத்தொன்பது, உள்ளே மைனஸ் முப்பது.
ஒரு கதவின் கனத்துக்குள் அறுபத்தொன்பது டிகிரி.
கம்பெனிக் கோட்டு என்னைவிட இரண்டு சைஸ் பெரிது,
பையில் யாரோ விட்டுப்போன மிட்டாய்த் தாள்.

பின்லாந்துக்குப் போகும் டயர்களை
ஒரு நாள் முழுக்க உறையப் போட்டு
முதலில் நகத்தால் அழுத்திப் பார்ப்பேன்,
பிறகுதான் மீட்டர்.
மீட்டர் பெரும்பாலும் நகத்தோடு ஒத்துப்போகும்.

குளிரிலும் இளகியிருக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம்.
நம் டயர் அங்கே போனால் கல்லாகிவிடும்.
அவர்கள் டயரை இங்கே ஓட்டினால்
ஆறே மாதத்தில் ஜி.எஸ்.டி. ரோடு தின்றுவிடும்.

பக்கச் சுவரில் மூன்று முகட்டு மலை,
மலைக்குள் ஒரு பனிப்பூ.
அந்த முத்திரைக்கு முந்தைய தாள்களில் ஒன்றில்
கையெழுத்து என்னுடையது.
நான் பார்த்த ஒரே பனி
வீட்டு ஃப்ரீசரில், வஞ்சிரப் பொட்டலத்தின் மேல்.

ஒருமுறை அந்த ஊர்க்காரர்கள் அனுப்பிய கையேடு வந்தது.
குளிர்காலத்தில் காரில் இருக்க வேண்டியவை:
மண்வெட்டி, கம்பளி, மெழுகுவர்த்தி,
அரை மூட்டை மணல், சக்கரத்துக்குச் சங்கிலி.
"சங்கிலி எதுக்கு, காரு ஓடிப்போயிடுமா?" என்றார் ஜெபமணி.
டீ புரையேறும்வரை சிரித்தோம்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை
ரெட் அலர்ட் என்று போன் மூன்று முறை அலறியது.
மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு
ஏரியாக இருந்த நாட்கள் இன்னும் மறக்கவில்லை.

என் வேகன்-ஆர் செகண்ட் ஹேண்ட். தவணை இன்னும் பதினொன்று.
நாலு டயரும் மொட்டை.
ஊருக்குச் சகுனம் சொல்லும் பல்லி நான்,
கழுநீர்ப் பானை என் வாசலிலேயே நிற்கிறது.

மிதியடிகளை உருவிப் பரணில் போட்டேன்.
ஆர்.சி. புக்கும் இன்சூரன்சும் அரிசி டின்னுக்குள்.
டார்ச், கொடிக்கயிறு, பழைய போர்வை,
பிஸ்கட் இரண்டு பாக்கெட்,
பின்சீட்டுக்குக் கீழே இரண்டு செங்கல்.
கிளம்பும்போது ஒரு மெழுகுவர்த்தியும் எடுத்தேன்,
ஏனென்று யோசிக்கவில்லை.

வேளச்சேரி மேம்பாலத்தில் ஏறும்போதே
இடது ஓரம் முழுக்கக் கார்கள்,
மூக்கும் வாலும் ஒட்டி.
ஒரு கல்யாண வண்டி, பூ இன்னும் வாடவில்லை.
ஃபைன் போடுவார்கள் என்றார் ஒருவர்.
போடட்டும், என்ஜினைவிடக் குறைவுதான் என்றார் இன்னொருவர்.

கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து,
சக்கரத்துக்குப் பின்னால் செங்கல்.
சைலன்சர் வாய்க்கு ஆவின் கவரும் ரப்பர் பேண்டும்.
பேட்டரி வயரைக் கழற்றப் பத்தாம் நம்பர் ஸ்பானர் இல்லை.
முன்னால் நின்ற கால் டாக்சியிலிருந்து ஒரு கை நீட்டியது.

திரவியம் என்று பெயர் சொன்னார்.
இறங்கிப் போகவில்லையா என்றேன்.
"வண்டிய உட்டுட்டு எங்க போறது?
வீட்ல தண்ணி வந்தா கட்டில் மேல ஏறிக்குவாங்க.
இதுக்கு நாந்தான் கட்டிலு."
சட்டை தோளோடு நனைந்து ஒட்டியிருந்தது.
போர்வையைக் கொடுத்தேன். பிஸ்கட்டையும்.
மெழுகுவர்த்தியைப் பார்த்து, "கரண்டு போனதும் பாலத்துல கோயிலா?" என்றார்,
ஆனாலும் வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் எங்கோ ஒருத்தி
வாசல் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருப்பாள்,
நான் அழுத்திப் பார்த்த ரப்பரின் மேல்
பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவாள்.
அவளுக்கு என் நகம் தெரியாது.

ஸ்பானரைத் திருப்பிக் கொடுக்கக் குனிந்தபோது
கை தானாக அவர் பின்டயருக்குப் போயிற்று.
கட்டை விரல் நகம். அழுத்தம். ஒரு விநாடி.

"என்ன மேடம், தாங்குமா?"

மைனஸ் முப்பது என்றால்
சொல்லியிருப்பேன்.