எழுவாய்

ஒன்பது மணிக்கு முன்
தாள் மட்டும்தான் இருக்கிறது.
ஏசி குளிருக்கு என் பழைய ஸ்வெட்டர்,
தொண்டைக்கு இரண்டு இஞ்சி மிட்டாய்,
பதினேழு வருடமாக நான் உரக்கச் சொல்லும்
முதல் சொல்:
நீர்.

நீ என்றால் அதட்டல். நீங்கள் என்றால் உபசாரம்.
வீட்டில் எவரும் புழங்காத இந்தச் சொல்லை
எனக்கு முன்னிருந்த மொழிபெயர்ப்பாளர் யாரோ
மேசையறையில் விட்டுப் போயிருக்கிறார்.

சவரிராஜ். லாரி ஓட்டுநர். ஐம்பத்திரண்டு.
நீர், சென்ற மாதம் ஒன்பதாம் தேதி
இரவு பதினொன்று நாற்பது அளவில்
அப்பர் புக்கித் தீமா சாலையில்
நூறு மில்லிலிட்டர் மூச்சில்
அறுபத்தொரு மைக்ரோகிராம் மதுவோடு
வாகனம் ஓட்டினீர்.
புரிகிறதா?

மூச்சை அடக்கிக்கொண்டார்,
மறுபடி யாரும் அளந்துவிடக் கூடாது என்பதுபோல.
'வண்டி போய் மோதிருச்சும்மா.'
வண்டிதான் போனது. வண்டிதான் மோதியது.
அப்படியே ஆங்கிலத்தில் வைத்தேன்.
நீதிபதி நிமிர்ந்து, ஓட்டியது யார் என்றார்.
அதைத் தமிழாக்க எனக்கு ஒரு நொடி.
சவரிராஜுக்கு வெகுநேரம் ஆனது.

திரையில் யுகேந்திரன், சாங்கியிலிருந்து.
ஆங்கிலம் நன்றாகவே வரும் பிள்ளை.
தமிழில் வாசிக்கச் சொன்னது
பின்வரிசையில் அம்மா இருப்பதால்.
நீர், மெத்தம்ஃபெட்டமின் எனும் போதைப்பொருளை
உட்கொண்டீர்.
(மாத்திரைக்கும் இதே வினைதான். சாப்பாட்டுக்குப் பின், இரண்டு வேளை.)
'கூட்டாளி வீட்ல சும்மா இருந்தேன். அது உள்ள போயிருச்சு.'
அதற்குக் கால் உண்டு போலிருக்கிறது.
அம்மா தலையசைத்தாள்,
யாரோ திருடனைப் பற்றிக் கேட்பதுபோல.

மதியம் ரோஸ்னாவின் கோப்பில் என் காப்பி.
'கொட்டிருச்சு' என்றேன், சட்டென்று, தமிழில்.
'தும்பா' என்றாள் அவள், துடைத்துக்கொண்டே.
மலாயிலும் அதுவாகத்தான் கொட்டுகிறதாம்.
சிரித்தோம். கறை ஒரு வழக்கு எண்ணின் மேல்.

மூன்றரைக்கு கதிர்வாணன்.
நீர், செங்காங்கில், உமது வீட்டுச் சமையலறையில்,
உம் மனைவி தவமலரின் இடது கன்னத்தில்
இரண்டு முறை அறைந்து
தன்னிச்சையாகக் காயம் விளைவித்தீர்.

'இச்சையா?' என்றார். முகம் சிவந்துவிட்டது.
'இதுல என்ன இச்சை? கை பட்டுருச்சு.'

பட்டுருச்சு.
தொட்டதா, விழுந்ததா, இடித்ததா?
விளக்கம் சேர்க்க எனக்கு உரிமையில்லை.
கை போய் விழுந்தது என்று சொல்லிவைத்தேன்,
பழம் விழுவதுபோல.
போலீசிடம் அவளும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்:
'அடிபட்டுருச்சு சார்.'

அடிபடு. சிரமப்படு. வெட்கப்படு.
பட்டவளை வைத்தே வாக்கியத்தை முடித்துவிடலாம் என் மொழியில்.
படுத்தியவன் வெளியே நின்று சிகரெட் பிடிக்கலாம்.
ஓர் இலக்கணப் பிழையும் வராது.

ஐந்து மணி, லிஃப்ட் வாசல்.
பச்சைக் கைப்பை, கழுத்துவரை பொத்தான்.
'அக்கா, நீங்கதானே வாசிச்சீங்க?'
வழக்கில் உள்ளவரோடு பேசக் கூடாது.
லிஃப்ட் எட்டாவது மாடியில் நிற்கிறது.

'முதல்ல "நீர்"னு வந்துச்சே,
அது அவரா?'

தலையசைப்பது பேச்சில் சேருமா
என்று எந்த விதியிலும் நான் படித்ததில்லை.
அசைத்தேன்.

ஏழு. ஆறு.
தவமலர் என்னைப் பார்க்கவில்லை,
எஃகுக் கதவில் மங்கலாய்த் தெரிந்த தன்னிடம்,
புது ஊரின் பெயரைச் சொல்லிப் பார்ப்பதுபோல்:
'அவரு...'
நான்கு.
'அவரு என்ன...'

கதவு திறந்தது. உள்ளே ஆட்கள்.
வினைச்சொல்லை வாயில் வைத்துக்கொண்டே
ஏறிப் போனாள்.