பதினோரு நொடி

மார்ச்சில் மூடிய மீன் ஆலை
அவன் பக்கத்தில் இன்னும் திறந்தே கிடக்கிறது.
"எவரிஸ்தோ இங்கே சேர்ந்து ஒன்பது ஆண்டுகள்!"
தானாகவே அறிவித்தது அது.
நாற்பத்தொரு பேர் கைதட்டினார்கள்.
கதவுக்குப் பூட்டுப் போட்ட மேலாளரும்
அதில் ஒருவர்.

தால்கவானோவில் மழை.
காற்றில் வரும் மீன்வாடை
அடுத்த ஆலையுடையது.
மனைவி தூங்கியதும் சமையலறையில் உட்கார்ந்து
தன்னைப் பற்றித் தானே எழுதினான்:
துடிப்புமிக்கவர், கூடி உழைப்பவர், பொறுமைசாலி.
படித்துப் பார்த்தால்
மணமகள் தேவை விளம்பரம்.
அழித்தான்.
குளிர்பதன இயந்திரம் பழுதுபார்ப்பேன்.
அவ்வளவுதான் மிஞ்சியது.

பார்த்தவர்கள் அறுநூறு. அழைத்தவர் இல்லை.
ஒரு நிறுவனம் மட்டும்
ஐந்தாவது நிமிடத்தில் வருந்தியது.
மனிதர்கள் இவ்வளவு சீக்கிரம் வருந்துவதில்லை.

ஆறாம் நாள் யஸ்னா,
பழைய ஆலையில் இரவுக்காவல் பார்த்தவள்,
நலம் விசாரிக்காமல் அனுப்பினாள்
ஒரு குரல் பதிவு.
குரல் இல்லை அதில்.
புவெர்தோ மோன்தில் ஏதோ ஐஸ் தொழிற்சாலை,
பதினோரு நொடி கம்ப்ரசர் இரைச்சல்.

காதோடு அழுத்திக் கேட்டான்.
கொதிக்கும் கெட்டிலை அணைத்துவிட்டு
மறுபடி.
"இரண்டாவது பேரிங். இன்றிரவே நிறுத்தச் சொல்.
விடியும்வரை தாங்காது."

மறுநாள் மதியம் வந்தது:
"பிரித்துப் பார்த்துவிட்டார்கள்.
எப்போது வர முடியும் என்கிறார்கள்."

தெற்கே போகும் பேருந்தில்
கருவிப்பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு
திரும்பவும் கேட்கிறான் அந்தப் பதினோரு நொடியை.
மூன்றாவது நொடியில்
இரைச்சலுக்குப் பின்னால் யாரோ தும்முகிறார்கள்.
அன்று அது
காதில் விழவே இல்லை.