பனி என்றால்

நாகர்கோவிலிலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது.
குளிர்காலத்தில் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை.
பதினோரு குறிப்புகள், இரண்டாம் பக்கம் மை மங்கல்.
கார்த்திகை முடிந்தும் மழை முடியாத ஒரு செவ்வாய்க்கிழமை
அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு
பத்துகாணி ஏற்றத்தில் ஏறினேன்.

நான் விளாத்திகுளத்துக்காரி.
எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் வராதது.
இங்கே வெள்ளம் என்றால் குடத்தில் இருப்பது.
வந்த புதிதில்
"வெள்ளம் வேணுமா சிஸ்டரே" என்று ஒருத்தி கேட்க
திடுக்கிட்டு ஓடைப் பக்கம் பார்த்தேன்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
அவள் சுகந்தபாய்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.
"எனக்க பிள்ளைக்கு பனியாக்கும்" என்றாள் வாசலில் நின்று.
ஆறாம் குறிப்பு நாக்கு நுனியில் தயாராக இருந்தது:
காதை மூடிக் குல்லா போடுங்கள்,
விடியலில் வெளியே கொண்டுவர வேண்டாம்,
கம்பளி இருந்தால் போர்த்துங்கள்.
சொன்னேன். பதிவேட்டில் டிக் அடித்தேன். நடந்தேன்.

ரப்பர் மரங்களுக்கிடையே வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது
நான் அறிந்த பனி.

சாயாக்கடையில் ஒருவர் கையை நீட்டினார்:
"பனிக்கு குளியை உண்டுமா? ரெண்டு நாளா மேலு கொதிக்கு."

கொதிக்கிறதா?

ஏறிய ஏற்றத்தை ஓடி இறங்கினேன்.
குல்லாவும் இரண்டு கம்பளியுமாக
நான் சொன்னபடியே கிடந்தான் ஆஸ்லின், இரண்டு வயது.
நூற்றிமூன்று.
கம்பளியை உருவினேன். குல்லாவைக் கழற்றினேன்.
சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தபடி
கைக்கடிகாரத்தில் ஒரு முழு நிமிடம்.
முப்பதில் அவன் இருமினான், எண்ணிக்கை தவறியது.
மறுபடி ஒன்றிலிருந்து.
நாற்பதைத் தாண்டினால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.
ஐம்பத்திரண்டு.

பால் ஏற்ற வந்த ஜீப்பில்
டிரம்களுக்கு நடுவே உட்கார்ந்து குலசேகரம் போனோம்.
வழியெல்லாம் சுகந்தபாய் எண்ணிக்கொண்டே வந்தாள்.
நான் எதுவும் பேசவில்லை.
பேசினால் என் தவறைத்தான் பேச வேண்டும்.
திற்பரப்பு தாண்டும்போது பேசினேன்.
"அதுக்கென்ன சிஸ்டரே" என்றாள், எண்ணுவதை நிறுத்தாமல்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தவன்
என்னைக் கண்டதும் அலறினான்.
ஊசி போட்டது நானில்லை என்று
யார் சொல்லியும் கேட்கவில்லை.

அன்று இரவு சுற்றறிக்கையைத் திருப்பிப் போட்டு
பின்பக்கம் எழுதினேன். சுகந்தபாய் திருத்தினாள்.

வெள்ளம் நல்லா திளைச்சு ஆறின பிறகு குடிக்கணும்.
மேலு கொதிக்குற பிள்ளையப் பொதிஞ்சு வைக்கப்பிடாது.
குளிருதுன்னு கதவடைச்சு உள்ள கரி மூட்டப்பிடாது.
ரெண்டு நாள் பனி நிக்கலேன்னா கடையில குளியை வாங்கப்பிடாது,
ஆஸ்பத்திரி.
மூச்சு எண்ணத் தெரியாதவங்க சுகந்தபாயிட்ட கேக்கணும்.
(கடைசி வரி அவளே சேர்த்தது.)

மழையில் வெட்டு நின்ற நாளெல்லாம்
சிரட்டையைக் கவிழ்த்து வைக்கச் சொன்னபோது
அவள் கணவன் செல்வதாசுக்குக் கோபம்.
"அறுநூறு மரம் உண்டு. நீரு வந்து கவுத்துத் தாரும்."
போனேன்.
ஒவ்வொரு சிரட்டையிலும் மழைநீர்,
ஒவ்வொன்றிலும் துள்ளும் கொசுப்புழு,
டெங்குவுக்கு அறுநூறு தொட்டில்.
நாற்பதைக் கவிழ்ப்பதற்குள் இரண்டு அட்டை கடித்தது.
காலில் ரத்தம் வழிய நான் நின்ற கோலத்தைப் பார்த்து
முனகிக்கொண்டே மீதியை அவன் கவிழ்த்தான்.
எல்லாவற்றையும் கவிழ்த்தானா, தெரியாது.
எண்ணவில்லை.

மாதக் கடைசியில் படிவம் கேட்டது:
அறிவுரை வழங்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை?
நூற்றிப் பதினெட்டு என்று எழுதினேன்.
அறிவுரை பெற்றவர்களுக்குக் கட்டம் இல்லை.
இருந்திருந்தால் அதில் ஒன்று என்று போட்டிருப்பேன்.

தையில் ஒரு காலை
அதே வாசலில் நின்று அடுக்கடுக்காகத் தும்மினேன்.
சுகந்தபாய் எட்டிப் பார்த்தாள்.
"என்ன சிஸ்டரே, பனியா?"

மலையிலிருந்து வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது.
எதைக் கேட்கிறாள் என்று நான் யோசிப்பதற்குள்
புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.