ஒதுக்கப்படாதது

சி டிரைவ் சிவந்துவிட்டது.
இரண்டு நாளாக ரசீது ஏறவில்லை.
செம்பனை மில்லில் எடை போட்ட சீட்டுகள்
சோற்றுப் பருக்கை ஒட்டிய மேசையில்
மின்விசிறிக்குப் பயந்து
ஸ்டேப்ளருக்கு அடியில் பதுங்கிக் கிடக்கின்றன.

பகாவ் டவுன். கிளினிக்குக்கு மேல்மாடி.
கீழே யாரோ ஒரு குழந்தைக்கு இருமல்,
காலையிலிருந்து.
சன்னலில் பார்த்தால்
பழம் ஏற்றிய லாரி ஒன்று விளக்குக்காக நிற்கிறது.
எங்களுடையது இல்லை.
எங்களுடையது என்கிறேன் பார்,
ஐந்து வருஷம் ஆகியும் நாக்கு திருந்தவில்லை.

ஒரு லாரி, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பங்காளிகள்.
நம் பாஷையில் பங்காளி என்றாலே
பாதி உறவு, பாதி வழக்கு.
வாங்கிய அன்றே சந்திரமோகன் அதைப் பாகம் பிரித்தான்.
"உன் கணக்கு உனக்கு, என் கணக்கு எனக்கு.
பின்னால பேச்சு வரக்கூடாது, புனிதா."
எனக்கு சி. அவனுக்கு டி.
அவன் பக்கத்துக்குப் பூட்டு.

பிறகு அவன் குளுவாங்குக்குப் போனான்,
கடனில் எடுத்த புது லாரியோடு.
கம்ப்யூட்டர் இங்கேயே இருந்தது,
ஓர் அறையை மட்டும் பூட்டிவைத்து
வாடகைக்கு விட்ட வீடு மாதிரி.

இன்று கூப்பிட்டேன்.
எஞ்சின் சத்தத்துக்குள்ளிருந்து பேசினான்.
"இன்னும் அதையா வச்சிருக்க? அழிச்சிடு.
முதல் லாரி நம்பர்தான் பாஸ்வேர்டு."
சாப்பிட்டியா என்று அவன் கேட்கவில்லை.
நானும்.

அழிக்கச் சொன்னதை முதலில் திறந்தேன்.
யார்தான் திறக்க மாட்டார்கள்.
ஒரே ஒரு ஃபோல்டர், 'கணக்கு' என்று.
அதற்குள் ஒன்றுமில்லை.
இருநூற்று முப்பத்திரண்டு ஜிகாபைட்டில்
ஒரு டீசல் பில்கூட இல்லை.
அவன் இரண்டாம் கணக்கு எழுதுகிறான் என்று
எத்தனை ராத்திரி எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.
அது எவ்வளவு இடம் பிடித்தது என்று
எந்தக் கம்ப்யூட்டரும் காட்டாது.

அழிக்கவா என்று கேட்டது. ஆம்.
எல்லாம் போய்விடும், சரியா என்றது. ஆம்.
நீலப் பட்டை கறுத்தது.
அதன்மேல் ஒரு சொல்: ஒதுக்கப்படாதது.

அதோடு முடியவில்லை.
சி-யை நீட்டுகிற வரி மங்கிக் கிடந்தது,
அமுக்கினால் அசையவில்லை.
இரண்டுக்கும் நடுவே விரற்கடை அகலத்தில்
யாரும் கேட்காத மூன்றாம் பாகம்.

கைப்பேசிக் கடை அஸ்ரி மாடியேறி வந்து பார்த்தான்.
"இது மீட்புக்கு, அக்கா. கெட்டுப்போனால்
வாங்கிய நாளில் இருந்தபடி ஆக்க.
இதை எடுத்தால்தான் அந்த இடம் இதோடு சேரும்.
எடுத்தால் பழையபடி ஆக்க முடியாது."
மலாயில் இன்னும் சுருக்கமாகத்தான் சொன்னான்.
நான் மேசையில் காய்ந்த பருக்கையை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
எடுத்துவிடு என்றேன்.

கறுப்புத் திரையில் நாலு வரி தட்டினான்.
சி கடைசிவரை நீலமாய் ஓடி முட்டியது.
பெட்டியில் ஐந்நூறு என்று போட்டிருந்தான்,
கூட்டிப் பார்த்தால் நானூற்று அறுபத்தைந்து.
மிச்சம் எங்கே என்றேன்.
அது எப்போதும் கிடையாது என்றான்.

இருபது வெள்ளி.
ரசீதுப் புத்தகத்தை மடியில் விரித்து
மை வராத பேனாவை இரண்டு தரம் உதறி
கம்பெனி பெயர் கேட்டான்.
மோகன் புனிதா டிரான்ஸ்போர்ட்.
மோகனுக்கு 'எச்'சா, 'ஜி'யா?
ஜி, என்றேன்.