கசிவு

யூமாவில் கத்திரிக்கு
முன்னேழு பின்னேழு கிடையாது.
மே தொடங்கி அக்டோபர் வரை
எல்லாமே நடு ஏழு.

அறுபத்தெட்டாம் வருஷத்து பியூக்.
தெருவையே அடைக்கிற நீளம்.
ஏலத்தில் எடுத்த ரமோனா கிஹாதா
பெயின்ட்டைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை.
டேஷ்போர்டில் குரோம் உதடுகளோடு
ஊமையாய்க் கிடந்த நான்கு காற்றுத்துளைகளில்
விரலை விட்டுப் பார்த்தாள்.

"புது கிட் வாங்கி மாட்டு,
ஒரு சனிக்கிழமை வேலை"
என்றான் தங்கை புருஷன் எஃப்ரேன்.
அவன் எதையும்
ஒரு சனிக்கிழமைக்கு மேல் நேசித்ததில்லை.

எவாப்பரேட்டர் பெட்டிக்குள் எலிக்கூடு.
கூட்டுக்குள் சீட்டுப் பஞ்சு, மெஸ்கீட் இலை,
யாரோ ஒரு பல் டாக்டரின் விலாசத்தில் பாதி.
ஊதினாள். மூன்று தும்மல்.
கம்ப்ரசரைச் சாய்த்தால்
ஆறிப்போன காப்பி நிறத்தில் எண்ணெய்.

குளிர் என்று தனியாக ஒரு சரக்கு இல்லை.
உள்ளே இருக்கிற சூட்டைச் சுமந்துபோய்
வண்டியின் மூக்குக்கு முன்னால் கொட்டிவிட்டுத்
திரும்பி வருகிற கூலி ஒருவன், அவ்வளவுதான்.
அவன் நடக்கும் பாதையில்
காற்று கூடாது, ஈரம் கூடாது.
ஆகவே
முதலில் வெறுமை செய்ய வேண்டும்.

பம்ப் நாற்பது நிமிஷம் உறிஞ்சியது.
வால்வை மூடினாள்.
முள் இருபத்தொன்பதில் நின்றது.
நின்ற மாதிரி இருந்தது.
சாப்பிட்டுவிட்டு வந்தால் இருபத்துநாலு.

ஓ-ரிங் பதினொன்றையும் மாற்றினாள்.
இருபத்துநாலு.
கண்டென்சரைத் தொட்டியில் முக்கிக்
குமிழி தேடினாள். ஒன்றுமில்லை.
மாட்டினாள். இருபத்துநாலு.
முன்னால் வைத்திருந்தவனைத் திட்டினாள்,
இதைச் செய்த ஃப்ளின்ட் நகரத்தைத் திட்டினாள்,
ஊரிலேயே இல்லாத எஃப்ரேனைத் திட்டினாள்.

மூன்றாம் வாரம். ராத்திரி இரண்டு மணி.
அப்போதும் முப்பத்தேழு டிகிரி.
கேஜைக் காரிலிருந்து கழற்றி,
குழாய் நுனிகளை அதிலேயே திருகி மூடி,
சும்மா,
தூக்கம் வராததால்,
பம்பைப் போட்டுப் பார்த்தாள்.

முள் இறங்கியது.

ஓட்டை காரில் இல்லை.
அளந்த குழாயின் வாயில்,
மயிரிழை வெடிப்போடு
ஒரு பத்து சென்ட் வாஷர்.

அவள் சிரிக்கவில்லை.
தரையில் உட்கார்ந்து,
குற்றமில்லாமல் கழற்றப்பட்ட உறுப்புகளை
ஒரு தரம் கண்ணால் எண்ணினாள்.
பம்பரைத் தட்டிக்கொடுத்தாள்,
மன்னிப்புக் கேட்டுப் பழகாதவர்கள்
முதுகில் தட்டுவது போல.

மறுநாள், டக் என்று கிளட்ச் பிடித்தது.
நான்காவது துளை கடைசிவரை திறக்கவில்லை.
மற்ற மூன்றில் வந்த காற்றுக்கு
மணிக்கட்டு மயிர் எழுந்து நின்றது.
சனிக்கிழமை வந்த எஃப்ரேன்
முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு
இறங்க மாட்டேன் என்றான்.

காருக்கு அடியில் சொட்டு.
மறுபடியுமா என்று
முழங்கால் சுடக் குனிந்தாள்.
தண்ணீர்.
அந்த வறண்ட காற்றிலிருந்து
எப்படியோ பிழிந்தெடுத்தது,
கான்கிரீட்டில் உள்ளங்கை அகலம்.

மோப்பம் பிடித்து
எங்கிருந்தோ இரண்டு தேனீக்கள் வந்து
ஓரமாக உட்கார்ந்து குடித்தன.

அவள் எஞ்சினை அணைக்கவில்லை.