ஈரக்காலுறை

பனி இளகிய மார்ச்சில்
தார்த்து நகரத்துச் சேற்றில் கால்விட்டு
வீடு வந்தாள் ஊல்லே.
சதுரங்கம் ஆடப் பெயர் கேட்டது திரை.
நிமிர்ந்தாள்.
வெப்பக்குழாய்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.
அவ்வளவுதான் கதை.

பதினோரு வருடம்
போர்ட்டோவிலிருந்து ஒருவர்
ஈரக்காலுறையோடு ஆடினார்.
அவர் பெயர் அரைப்பல்.
ஏனென்று இவள் கேட்டதில்லை.
தன் குதிரை வெட்டுப்பட்டால் மட்டும்
'இன்னுமா காயவில்லை?' என்பார்.

நேற்று அவர் தங்கையிடமிருந்து
இரண்டு வரி.

அந்த ஊர்ப் பூக்கடையை அழைத்தாள்.
மலர்வளைய நாடாவில் யார் பெயர்?
ஊல்லே என்றால்
அங்கே ஒருவருக்கும் தெரியாது,
அவருக்குமே.

சொன்னாள்.
மறுமுனையில் பேச்சில்லை.
பிறகு,
'எழுத்துக் கூட்டிச் சொல்லுங்களேன், அம்மா.'

ஈ, ர என்று தொடங்கினாள்.
'கா' வரைக்கும்
குரல் உடையவில்லை.